லம்பு மாத்தி

என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. சின்ன வயதில் செய்த ஒரு தப்பை எத்தனை வருடம் வெளியே சொல்லாமல் வைத்திருக்க முடியும்? நான் ஐம்பது வருடத்துக்கும் மேல் வைத்திருந்தேன். போன மாதம் எங்கள் வீட்டுப் புரொஜெக்டர் படுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்னும் கூட வைத்திருப்பேன். என் வாய் அப்படிப்பட்டது. வேண்டாத நேரத்தில் திறக்கும், வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்ளும்.

மலாக்கா பக்கம் தங்கா பத்துவில் அக்காள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். அக்காளும் நானும் பென்ஷன்காரிகள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், நான் தொலைபேசி நிலையத்தில் பார்த்தேன். அக்காள் மகள்தான் புரொஜெக்டர் வாங்கி ஹாலில் மாட்டினாள். நாடகத்தில் அழுகிறவளின் மூக்கு அரிசி மூட்டை அளவுக்குச் சுவரில் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் சுவிட்சைத் தட்டினால் காற்றாடி சுற்றுகிறது, ஓரத்தில் சிவப்புப் பொட்டு மினுக்குகிறது, சுவரில் மட்டும் ஒன்றுமே இல்லை. அக்காள் மகள் கைப்பேசியில் வீடியோ பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தாள். பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆறப் போட்டாள். தூசி வலையை எடுத்துப் பல் விளக்கும் பிரஷால் சுத்தம் செய்தாள். மூடியைத் திறந்து சரியாக அழுத்தி மூடினாள். மருமகன் வந்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அக்காள் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் அதன் விலாவில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடே இல்ல. உசுரு இல்ல" என்றாள். என்னைக் கேட்டார்கள். தொலைபேசி நிலையத்தில் இருந்தவளுக்கு வயர், கரண்டு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம் காதில் வாங்கியதை வாங்கினபடி சொல்வதுதான். அதையும் நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் அக்காள் மகள் அதைப் பெட்டியில் போட்டு மலாக்கா டவுனுக்குக் கொண்டுபோனாள். பெட்டி காரில் ஏறியதைப் பார்த்ததும் நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அன்று மத்தியானம் முழுக்க அக்காள் முகத்தை நேராகப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் லம்பு என்று நாங்கள் சொல்லும் பல்பு எரியாத ஒரு புரொஜெக்டர் எங்கள் வாழ்க்கையில் ஏற்கனவே ஒரு தடவை வந்திருக்கிறது.

அப்போது நாங்கள் சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா ஆலையின் இஞ்சின் வீட்டில் வேலை. தோட்டத்துக்கே கரண்டு கொடுக்கிற அந்தப் பெரிய இஞ்சினை ஓட்டுகிறவர் அவர்தான். அம்மா பால்மரம் சீவப் போவாள். அக்காளுக்குப் பதினெட்டு வயது. பெரிய கிராணியார் வீட்டில் கூட்டித் துடைத்து, துணி துவைத்து, இஸ்திரி போடுவது அவள் வேலை. எனக்குப் பதினொன்று. எனக்கு வேலை கிடையாது. வாய் மட்டும்தான்.

பெரிய கிராணியார் என்றால் தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்து வேதக்காரக் குடும்பம். அவர் மனைவியை நாங்கள் கிராணியம்மா என்போம். பேச்சு நமக்குப் பாதி புரியும், பாதி சங்கீதமாகக் கேட்கும். வீட்டில் எப்போதும் கோப்பியும் மேசைக்குப் போடும் பாலிஷும் கலந்த ஒரு வாசனை இருக்கும். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்திலிருந்து போகிற எனக்கு அதுதான் பணக்கார வாசனை.

அந்த வருடக் கடைசி லீவில் மழை விடவே இல்லை. ரப்பர் ஷீட்டு காயாமல் புகைக்கூண்டில் இரண்டு மடங்கு நாள் தொங்கியது. அக்காளுக்கு மட்டும் மழை தெரியவில்லை. மலாக்காவில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஜனவரியில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, தங்க இடமும் உண்டு. அங்கிருந்த மேட்ரன் கிராணியம்மாவின் சர்ச்சு சிநேகிதி. 'இந்தப் பெண் நல்லவள், நம்பலாம்' என்று கிராணியம்மா ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கிறிஸ்மஸுக்கு முன்னால் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்கள். கடிதம் இல்லாவிட்டால் ஜனவரி முதல் அக்காள் பேர் தோட்டத்துக் கூலிப் பதிவான செக்ரோலில் ஏறும், அம்மாவோடு விடியக் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். ஒருமுறை பேர் ஏறினால் இறங்காது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அக்காள் பழைய வேட்டியைக் கிழித்து நீள நீளமாகச் சுருட்டி வைத்திருந்தாள். சாயங்காலமானால் என் காலை இழுத்து மடியில் போட்டுக் கட்டுப் போட்டுப் பழகுவாள். கணுக்காலில் தொடங்கி எட்டுப் போட்டாற்போல் மேலே ஏறும். "வலிக்குதா?" என்பாள். "காலே இல்லாதமாதிரி இருக்கு" என்பேன். அவிழ்த்து மறுபடி கட்டுவாள். கிராணியம்மா கொடுத்த பழைய வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி வாசல் நிலைக்கு மேல் இருந்தது. அதற்கு வெள்ளை அடிப்பதும் காயப்போடுவதும்தான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

அந்தச் சமயத்தில்தான் லண்டனிலிருந்து புரொஜெக்டர் வந்தது. கிராணியாரின் ஒரே மகன் அங்கே படிக்கப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்த யாரோ சிநேகிதரிடம் புரொஜெக்டரையும் தன்னைப் படமெடுத்த ஒரு சின்ன ரீலையும் கொடுத்து அனுப்பியிருந்தான். சனிக்கிழமை பெட்டி வந்தது. வைக்கோலும் காகிதமும் எடுத்து, சாம்பல் நிற மிஷினை ஈரத் துணியால் துடைத்தவள் அக்காள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆலை நிற்கிற நேரத்தில், ஜன்னலையெல்லாம் கம்பளியால் மூடி, சுவரில் கட்டில் விரிப்பை ஆணியடித்து மாட்டினார்கள். நானும் அக்காளும் சமையலறைக் கதவு ஓரத்தில் நின்றோம். கிராணியார் ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருகினார். இஸ்திரிப் பெட்டி சூடேறும்போது வருகிற வாசனை வந்தது. விரிப்பில் ஒரு தெரு தெரிந்தது. ஒரு சிவப்புப் பஸ். வெள்ளை வெளேரென்று ஒரு தோட்டம். "அதுதான் ஸ்னோ" என்றார் கிராணியார். பிறகு ஒரு வீட்டுக் கதவு. கதவு மெல்லத் திறந்தது. ஒரு கை தெரிந்தது. கிராணியம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

அப்போது விளக்குப் போனது. மிஷின் ஓடுகிறது, ரீல் சுற்றுகிறது, வெளிச்சம் மட்டும் இல்லை.

கிராணியார் பிளக்கைப் பிடுங்கி மாட்டினார். பியூஸைப் பார்த்தார். அதே பிளக்கில் மேசை விளக்கை மாட்டினால் அது எரிந்தது. புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஜெபம் படிப்பதுபோல் இங்கிலீசில் சத்தமாகப் படித்தார். என்னை அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "லம்பத் தொறந்து பாத்தா தெரிஞ்சிரும்ங்க ஐயா" என்றார்.

கிராணியார் மிஷினின் மேல் கையை வைத்துக்கொண்டார். "லண்டன் சாமான். நீர் தொடவேண்டாம். டவுனில கடைக்குக் குடுப்பம்."

அப்பா இஞ்சின் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கே அவரைத் திறக்க விட்டிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

திங்கட்கிழமை தோட்டத்து லோரி டவுனுக்குப் போனது. லோரி டிரைவர் ஒரு மலாய்க்காரர். நாங்கள் பாச்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் மாமா என்று அர்த்தம். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அரைத் தமிழ், அரை மலாய். எதில் தொடங்கி எதில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. கம்பளியில் சுற்றிய மிஷினை அவரிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

புதன்கிழமை மத்தியானம் நல்ல மழை. நான் கிராணியார் வீட்டு கேட்டில் வாழை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு அக்காளுக்காக நின்றிருந்தேன். லோரி வந்து நின்றது. பாச்சிக் இஞ்சினை நிறுத்தாமலே பெட்டியை ஜன்னல் வழியாக என் கையில் இறக்கினார். மழைச் சத்தத்தில் கத்தினார். "தங்காச்சி! அம்மா கித்த சொல்லு! லம்பு மாத்தி! கடை தௌக்கே சொல்றான்!" லோரி போய்விட்டது.

நீங்களே சொல்லுங்கள். 'அம்மாகிட்ட சொல்லு' தமிழ். 'கடை முதலாளி சொல்றான்', தௌக்கே என்ற ஒரு சொல்லைத் தவிர அதுவும் தமிழ். நடுவில் இருக்கிற 'மாத்தி' மட்டும் வேறென்னவாக இருக்கும்? 'மாத்தி'யோடு வாக்கியம் நின்றுபோனதுதான் எனக்கு உறுத்தியது. மழையில் மிச்சம் கரைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாசலிலிருந்து கூடத்துக்கு இருபது அடி இருக்கும். அதற்குள் அந்த மிச்சத்தை நானே செய்துவிட்டேன்.

"கிராணியம்மா! லம்ப யாரோ மாத்திட்டாங்களாம்! கடைக்காரரு சொன்னாராம்!"

கிராணியம்மா தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்தார்கள். "என்ன?"

"நல்ல லம்ப எடுத்துட்டு வேற லம்பு போட்டிருக்காம்." இந்த இரண்டாவது வாக்கியத்தில் பாச்சிக்குக்கு ஒரு எழுத்துக்கூடப் பங்கில்லை. முதல் வாக்கியத்துக்குக் கிடைத்த மரியாதையில் வந்தது அது.

கிராணியம்மா கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார்கள். திறக்கவில்லை. பிறகு அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கணக்கு அவர்களுக்குச் சரியாக வந்துவிட்டது. லண்டன் சாமான் அஞ்சு நிமிடத்தில் கெடாது. அதைத் துடைத்தவள் ஒருத்திதான். அவள் அப்பன் இருப்பது இஞ்சின் வீட்டில். பல்பும் வயரும் அங்கேதான் கிடக்கும்.

அக்காள் இஸ்திரி போட்ட துணிகளோடு உள்ளே வந்தாள். கிராணியம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "பிள்ளை, நாளைக்கு நீ வரவேண்டாம்" என்றார்கள்.

"ஏம்மா?"

"உனக்குத் தெரியும். நான் என்ர வாயால சொல்ல விரும்பேல்லை. நாலு வரியமா என்ர பிள்ளையின்ர முகம் பார்க்கேல்லை நான்."

அக்காளுக்கு ஒன்றும் புரியவில்லை. துணியை மேசையில் வைத்து, மேலே இருந்த சட்டையின் காலரைச் சரி செய்துவிட்டு வெளியே வந்தாள். வழியில் என்னைக் கேட்டாள். "என்னடி நடந்துச்சு?" "லம்ப யாரோ மாத்திட்டாங்கன்னு நெனைக்கிறாங்க" என்றேன். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா அழுதாள். அப்பா சாப்பிடாமல் இஞ்சின் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு முன், இப்போதே போய்க் கேட்கிறேன் என்று அவர் கிளம்பியபோது அம்மா தடுத்தாள். பெரிய கிராணியார் நினைத்தால் லயத்து வீடே நமக்கு இல்லை என்றாள். "ஜனவரிக்கு இவ பேரயும் பதிஞ்சிருவோம்" என்று முடித்துவிட்டாள். அக்காள் மட்டும் அழவில்லை. சுருட்டி வைத்திருந்த கட்டுத் துணியை எடுத்து அடுப்பங்கரையில் கைப்பிடித் துணியோடு போட்டாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கவனிக்கவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அப்போதுகூட நான் தப்புச் செய்துவிட்டதாக நினைக்கவில்லை. கேட்டதைத்தானே சொன்னேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அக்காள் எடுத்திருப்பாளோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு இஞ்சின் வீட்டுக்குப் போனேன். அப்பா எண்ணெய்க் கையோடு டிபன் கேரியரைத் திறந்தார். வெளியே மண் சாலையில் லோரி உறுமிற்று, இருமிற்று, நின்றுவிட்டது. பாச்சிக் குதித்து இறங்கி இஞ்சின் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே! லோரி மாத்தி!"

நான் எட்டிப் பார்த்தேன். அதே லோரிதான். முன்பக்கம் நசுங்கிய அதே மட்கார்டு. கதவில் நான் ஆணியால் கீறிய அதே கோழிக்குஞ்சு.

"மாத்தலையே பாச்சிக்," என்றேன், "இது பழைய லோரிதானே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா முதலில் சிரித்தார். மூன்று நாளாகச் சிரிக்காதவர், சோறு சிந்தச் சிந்தச் சிரித்தார். பாச்சிக் தொடையைத் தட்டினார். "தங்காச்சி! மாத்தி லா! மாத்தி! தமில் மாத்தி இல்ல, மலாய் மாத்தி. இந்த லோரி செத்து போச்சி!" என்று கழுத்தைச் சாய்த்து நாக்கை நீட்டிக் காட்டினார்.

"லைட்டு அணைஞ்சாலும் அவுங்க அதான் சொல்லுவாங்க" என்றார் அப்பா சோற்றைப் பிசைந்தபடி. "உசுரு போனாலும் அதான், வெளக்கு போனாலும் அதான்."

லம்பு மாத்தி. லம்பு செத்துப்போச்சு. அவ்வளவுதான். வாக்கியம் அங்கேயே முடிந்திருக்கிறது. மழை எதையும் கரைக்கவில்லை. நான்தான் அதற்கு வால் வைத்து, கொம்பு வைத்து, அக்காள் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். பயம். காலி கேரியரைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

கிராணியம்மா சமையலறையில் கிறிஸ்மஸுக்கு அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வீடே மணந்தது. நான் சேற்றுக் காலோடு உள்ளே போய் நின்றேன். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"என்ன பிள்ளை? ஏன் இப்பிடி நிக்கிறாய்?"

"பாச்சிக் மலாயில சொன்னாரு. நான் தமிழ்ல கேட்டுட்டேன்."

"என்ன சொன்னவன்? அவன் சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லு. கூட்டாதை, குறைக்காதை."

"லம்பு மாத்தி."

கிராணியம்மாவின் கையிலிருந்த அச்சு எண்ணெயிலேயே நின்றது. முறுக்குக் கருகும்வரை அவர்கள் எடுக்கவில்லை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார்கள். புதன்கிழமையிலிருந்து யாரும் திறக்காத பெட்டி. மிஷினோடு ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம் இருந்தது. அதற்குள் லம்பு. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடியின் உள்பக்கம் மை பூசினாற்போல் கறுத்திருந்தது. உள்ளே இருந்த மெல்லிய கம்பி நடுவில் அறுந்து தொங்கியது. லம்பின் அடியில் இங்கிலீசில் எழுதியிருந்த எழுத்தையும் கிராணியாரின் சின்னப் புத்தகத்தையும் வைத்து ஒத்துப் பார்த்தார்கள். அதே எழுத்து. லண்டனிலிருந்து வந்த அதே லம்புதான்.

"கண்ணுக்கு முன்னால கிடந்திருக்கு" என்றார்கள். "நான் பார்க்கேல்லை."

எனக்கு அடி விழும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கிராணியம்மா முந்தானையால் என் தலையைத் துவட்டினார்கள். "நீ ஆரிட்டையும் ஒண்டும் சொல்லாதை. நான் போய்க் கதைக்கிறன்."

கிராணி வீட்டுப் பெண்கள் லயத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கிராணியம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, சேற்றில் மிதித்து மிதித்து வந்தார்கள். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டு முன்னால் நின்றார்கள். அக்காள் வெளியே வந்தாள்.

"பிள்ளை, எனக்குக் காது பிசகிப் போச்சு. லம்பு தானா எரிஞ்சு போச்சுது, ஆரும் தொடேல்லை. நான் உன்னைப் பிழையா நினைச்சிட்டன்." எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்கள். "திங்கட்கிழமை வா. கடிதத்தை நான் எழுதி வைக்கிறன்."

அக்காள் அப்போதுதான் அழுதாள். அம்மா ஓடிவந்து முக்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் பேர் எங்கேயுமே வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒருத்தியை எப்படிப் பிசையும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கைப்பிடித் துணியோடு கிடந்த கட்டுத் துணியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். அக்காள் பார்க்காதபோது சப்பாத்துக்கும் வெள்ளை அடித்தேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

புது லம்பு சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் அதே கூடம், அதே கம்பளி, அதே விரிப்பு. இந்தத் தடவை கிராணியார் தானே ஆள் அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா லம்பைக் கைக்குட்டையால் பிடித்துப் பொருத்தினார், கண்ணாடியில் விரல் படவே இல்லை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆலை மிஷினு எல்லாம் ஒரே நேரத்துல நின்னா கரண்டு எகிறும்ங்க ஐயா. போன தடவ அதுதான் எரிச்சிருக்கும். அதயும் நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்ல நான் எங்க விட்டனான்?" என்றார் கிராணியார்.

அப்பா படம் பார்க்கவில்லை. இஞ்சின் வீட்டுக்குப் போய் வேகத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஆலைச் சங்கு ஒரு தடவை ஊதினால் சுவிட்சைப் போடலாம் என்று ஏற்பாடு. சங்கு ஊதியது. தெரு வந்தது, சிவப்புப் பஸ் வந்தது, ஸ்னோ வந்தது. கதவு வந்தது. கிராணியம்மா சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பி அக்காளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தது. ஒல்லியாக, பெரிய கோட்டுக்குள் ஒரு பையன் வந்தான். நேராக எங்களைப் பார்த்துச் சிரித்தான். வாயைத் திறந்து ஏதோ சொன்னான். ஊமைப் படம், சத்தம் கிடையாது.

"என்ன சொல்லுறான்? என்ன சொல்லுறான்?" என்று கிராணியம்மா எல்லாரையும் கேட்டார்கள். கிராணியார் 'அம்மா எண்டு சொல்லுறான்' என்றார். அக்காள் 'குளிருதுன்னு சொல்றாரு' என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

ஜனவரியில் அக்காள் கட்டுத் துணியும் வெள்ளைச் சப்பாத்துமாக மலாக்கா பஸ் ஏறினாள். அதற்குப் பின்னால் முப்பத்தெட்டு வருடம் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டாளோ. அவள் சம்பளத்தில்தான் நான் டவுனில் படித்தேன், தொலைபேசி நிலையத்துக்குப் போனேன். அங்கே இரண்டு ஊருக்கு நடுவில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்தியைக் கடத்தும்போது, யாராவது பாதியில் நிறுத்தினால் நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன். மிச்சத்தை என் வாயால் முடித்துக் கொடுத்ததே இல்லை. மேலதிகாரி என்னை மெச்சிக்கொண்டார். காரணம் அவருக்குத் தெரியாது.

சரி, இந்தப் புரொஜெக்டருக்கு வருகிறேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன் என்றேனே, அன்றைக்குச் சாயங்காலம் தேத்தண்ணி நேரத்தில் அக்காள் கைப்பேசியில் கடைக்காரப் பையனின் குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது. மகள் வேலையில் இருந்ததால் அக்காள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறான். அக்காள் அமுக்கினாள்.

"ஆன்டி, லம்பு சுடா மாத்தி லா. கெனா துக்கார் பாரு."

லம்பு செத்துப்போச்சு, புதுசு மாற்ற வேண்டும் என்கிறான். அக்காள் இன்னொரு தடவை அமுக்கினாள். லம்பு சுடா மாத்தி லா. கைப்பேசியை மேசையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்ன சொல்றான்? நீதான் நல்லா கேட்டுச் சொல்லுவியே."

எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அந்தம்மா கொடையோட வந்து, காது பிசகிப் போச்சுன்னு சொன்னாங்கல்ல, அப்பவே தெரியும். அவுங்க மலாய்க்காரிங்களோட உக்காந்து மணிக்கணக்கா மலாய் பேசுறவங்க. அவுங்களுக்கா மாத்தி தெரியாது? வேற யாரோ தமிழாக்கிச் சொல்லியிருக்காங்க. கேட்டுல அன்னைக்கு நின்னது யாரு? அப்புறம் பாத்தா, சப்பாத்துல வெள்ள இவ்ளோ தடிப்பா காஞ்சு கெடக்கு."

"ஏன்க்கா என்னை ஒண்ணுமே கேக்கல?"

"நீயே வந்து சொல்லுவன்னு பாத்தேன். ஜனவரி வரைக்கும் பாத்தேன். அப்புறம் வேல வந்துருச்சு." அவள் தேத்தண்ணியைக் குடித்தாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல."

நான் தொடங்கினேன். "அக்கா, அன்னைக்கு மழையில..." பாதியில் நின்றுவிட்டேன். அக்காள் அதை எனக்காக முடிக்கவில்லை. 'சரி விடு' என்றும் சொல்லவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு சும்மா காத்திருந்தாள். வாசலில் ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரைகூடக் காத்திருந்தாள்.

"லம்ப மாத்திட்டாங்கன்னு கிராணியம்மாகிட்ட போயிச் சொன்னது நான்தான். வேற லம்பு போட்டிருக்காங்கன்னு நானாத்தான் சேத்துச் சொன்னேன். உன் வேல போயிருக்கும் என்னால. மன்னிச்சிருக்கா."

சொல்லி முடித்ததும் என் கால் கை எல்லாம் லேசாகிவிட்டது. கட்டை அவிழ்த்தவுடன் காலில் ரத்தம் ஓடுமே, அப்படி.

அக்காள் கையை நீட்டி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள்.

"சரி, அந்தப் பையனுக்குப் பதில் சொல்லு. புது லம்பு போடச் சொல்லு. மலாயிலயே சொல்லு."